வாடகை உயர்த்தும் வேளை

 

 தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் ஜும்ஆ தோறும் கேட்கிறோம். ஹஜ்ஜுக் காலம் வந்தால் ஹஜ்ஜைப் பற்றிக் கேட்கிறோம். வீட்டு வாடகை, கடை வாடகை பற்றி மிம்பரில் பேசக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனால் தொழுகை முடிந்து, ஸலாம் கொடுத்து, வெளியே வந்து செருப்பைத் தேடும் நேரத்தில் இமாமின் காதருகே வந்து மெல்லக் கேட்கப்படும் கேள்வி பல சமயம் இதுதான். ‘ஹஜரத், கடை வாடகையை ஏற்றலாம் என்றிருக்கிறேன், மார்க்கத்தில் குற்றமா?’ என்று ஒருவர் கேட்பார். அவருக்கு இரண்டு ஸஃப்பு பின்னால் நின்று தொழுதவர் அந்தக் கடையில் வாடகைக்கு இருப்பவராகவும் இருப்பார். அவருடைய கேள்வி வேறு: ‘இருபது வருஷம் இருந்தவனை இப்பொழுது ஏற்றி விரட்டப் பார்க்கிறாரே, இது ஹலாலா?’

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். வாடகையை உயர்த்துவது வட்டி வாங்குவதற்குச் சமம் என்று சிலர் சொல்லுகிறார்கள். அது சரியன்று. வட்டி, கொடுத்த பணத்தின்மேல் பணம் வாங்குவது. வாடகையோ, ஒரு பொருளின் பயனை விற்பது. இதைத்தான் நம் கிதாபுகள் மன்ஃபஅத்தை விற்பது என்று சொல்லுகின்றன. அரிசியின் விலை ஏறி இறங்குவதைப் போலவே பயனின் விலையும் ஏறலாம், இறங்கலாம். மதீனாவில் ஒரு சமயம் விலைவாசி ஏறிவிட்டது. ஜனங்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று, விலையை நிர்ணயித்துத் தருமாறு கேட்டார்கள். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்வே என்றும், எவருடைய உயிருக்கோ பொருளுக்கோ அநீதி செய்தவனாக இல்லாமல் நான் என் இறைவனைச் சந்திக்க விரும்புகிறேன் என்றும் கருத்துப்படப் பெருமானார் அவர்கள் பதில் கூறியதை அபூதாவூதும் திர்மிதியும் அறிவிக்கின்றன. ஆகவே சொத்துக்காரருக்கு ஏற்றும் உரிமை உண்டு. அதில் சந்தேகமில்லை.

ஆனால் உரிமை உண்டு என்றதும், சொத்துக்காரர் அத்தோடு எழுந்து போய்விடக் கூடாது. அந்த ஹதீஸின் பிற்பகுதியைக் கவனியுங்கள். விலையில் கைவைக்கவே அல்லாஹ்வின் தூதர் அஞ்சினார்கள். அநீதி வந்துவிடுமோ என்ற அச்சம்தான் அதற்குக் காரணம். நமக்கு அந்த அச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

திருக்குர்ஆனில் கஸஸ் என்னும் 28 ஆம் அத்தியாயத்தில் ஓர் ஒப்பந்தம் வருகிறது. கூலி, வாடகை ஆகியவை பற்றிப் பேசும் இமாம்கள் இதை ஆதாரமாக எடுத்துக் காட்டுவார்கள். மிஸ்ரிலிருந்து உயிருக்குத் தப்பி வந்த மூஸா (அலை) அவர்கள், மத்யன் கிணற்றடியில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக் கொடுத்தார்கள். அப்பெண்களின் தகப்பனார் முதியவர். அவர் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. ஷுஐபு (அலை) அவர்கள்தாம் என்று விரிவுரையாளர்களில் பலர் சொல்லுவர். அந்தப் பெரியவர் தம் மகள் ஒருவரை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கு எட்டு வருஷம் தமக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்றும் பேசுகிறார். பத்தாக நிறைவு செய்தால் அது உம்முடைய விருப்பம், உமக்குச் சிரமம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை என்றும் சொல்லுகிறார். மூஸா (அலை) அவர்களும், இரண்டு தவணையில் எதை முடித்தாலும் அதற்குமேல் என்னை நெருக்கக் கூடாது என்று சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கிக் கொள்ளுகிறார்கள்.

இதில் யார் கை மேல், யார் கை கீழ் என்று பாருங்கள். பெரியவருக்கு வீடு இருக்கிறது, மந்தை இருக்கிறது, ஊரில் செல்வாக்கு இருக்கிறது. மூஸா (அலை) அவர்களோ அந்நியர். பசியோடு மரநிழலில் உட்கார்ந்து, எந்த நன்மை வந்தாலும் அதற்குத் தேவையுள்ளவனாக இருக்கிறேன் என்று இறைவனிடம் கையேந்தியவர். பெரியவர் பதினைந்து வருஷம் கேட்டிருந்தாலும் அன்று மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில், உமக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்ற சொல் மேல்கையிலிருந்து வருகிறது. தவணை சொல்லப்பட்டது, கூலி சொல்லப்பட்டது, அதற்கு மேற்பட்டது மனமுவந்து கொடுப்பதற்கு விடப்பட்டது. வாடகைச் சட்டம் முழுவதற்கும் கரு இதற்குள் இருக்கிறது.

ஒரு வருஷத்துக்கு இன்ன வாடகை என்று பேசிவிட்டால், ஆறாம் மாதத்தில் பக்கத்துக் கடைக்கு அதிகம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஏற்ற முடியாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று மாயிதா அத்தியாயம் தொடங்குவது வியாபாரிகளுக்கும் சேர்த்துத்தான். அதே போல், வியாபாரம் மந்தம் என்று வாடகைக்காரர் தாமாகவே பாதி வாடகையைக் கட்டிவிட்டு மீதியை மறந்துவிடவும் முடியாது.

தவணையே பேசாமல், மாசம் இவ்வளவு என்று மட்டும் வாய்ச்சொல்லில் போட்ட ஏற்பாடு நம்மவர்களிடையே ஏராளம். கடுதாசி ஏது? ‘உங்கள் வாப்பாவும் எங்கள் வாப்பாவும் பேசிக்கொண்டது’ என்பார்கள். இத்தகைய ஏற்பாட்டில் ஒரு மாதம் தொடங்கிவிட்டால் அந்த மாதம் மட்டும் கட்டுப்படும், மறுமாதம் தொடங்குமுன் இருவரில் எவரும் மாற்றிக் கொள்ளலாம் என்பது ஹனஃபி இமாம்கள் சொல்லும் வழி. ஷாஃபிஈ இமாம்களில் பெரும்பாலோர், முடிவு தெரியாத இந்த ஏற்பாட்டையே ஒப்புக்கொள்வதில்லை. தவணையைச் சொல் என்கிறார்கள். நம் ராவுத்தர் சகோதரர்களில் பலர் ஹனஃபி, கடற்கரை ஊர்க்காரர்கள் ஷாஃபிஈ, இந்நாட்டு மலாய்ச் சகோதரர்களும் ஷாஃபிஈ. எந்த மத்ஹபைப் பார்த்தாலும், காலத்தைச் சொல்லிப் பேசு என்ற இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோப்பெங் ஈயத்தால் எழுந்த ஊர். மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீரை இறக்கி, மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். சுரங்கத்துக்கு ஆள் வந்தது, ஆளுக்குச் சாப்பாட்டுக் கடை வந்தது, மருந்துக் கடை வந்தது. இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் யூ யான் சாங் மருந்துக் கடையின் முதல் கடை 1879 இல் இந்தச் சிறிய ஊரில்தான் திறக்கப்பட்டது. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் தமிழர்கள் சம்பள நாளில் இங்கேதான் சாமான் வாங்கினார்கள். நம்மவர்களும் பலசரக்கு, துணி, சாப்பாட்டுக் கடை என்று வந்து சேர்ந்தார்கள். அவர்களில் கட்டிடம் வாங்கியவர் சிலர், வாடகைக்கு இருந்தவர் பலர்.

பிறகு 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ஒரு காலத்தில் ஜன நெரிசலாக இருந்த கடை வரிசைகளில் கதவுகள் அடைந்தன. அந்த நாளில் வாடகைக்கு ஆள் கிடைப்பதே சொத்துக்காரருக்குப் பெரிய விஷயம். இப்பொழுது காற்று சிறிது மாறி வீசுகிறது. கம்பார் ஆற்றில் படகு விளையாட்டுக்கும், குவா தெம்புரோங் குகைக்கும் வெளியூரார் வருகிறார்கள். ஊரில் அரும்பொருட் காட்சிசாலை இருக்கிறது. தெற்கே கம்பாரில் 2007 இல் பல்கலைக்கழக வளாகம் திறந்தபின், அங்கே மாணவர்களுக்கு அறை விடுவதே ஒரு தொழிலாகிவிட்டது. இதைப் பார்த்து நம்மூர்ச் சொத்துக்காரருக்கும் மனம் அசைகிறது. அசைவதில் தப்பில்லை. கணக்குத்தான் சரியாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பேசும்போது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. யுத்தத்துக்குப் பின் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்ததால், மலாயாவில் 1948 இல் அரசாங்கம் வாடகைக்குக் கட்டுப்பாடு வைத்தது. 1966 ஆம் வருஷச் சட்டம் அதைத் தொடர்ந்தது. 1948 ஜனவரி 31 ஆம் தேதிக்குள் கட்டி முடித்த கட்டிடங்களுக்கு இஷ்டம்போல் வாடகை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை இஷ்டம்போல் வெளியேற்றவும் முடியாது. பெருமானார் (ஸல்) அவர்கள் விலை நிர்ணயிக்க மறுத்திருக்க, அரசாங்கம் இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர் உண்டு. ஜனங்களுக்கு நெருக்கடி வந்து, உடையவர்கள் அதைப் பயன்படுத்திக் கொள்ளும்போது ஆட்சியாளர் தலையிடலாம் என்று பின்வந்த இமாம்களில் சிலர் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அதன் தொடக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஐம்பது வருஷத்தில் அது என்ன செய்தது? பாட்டனார் காலத்து வாடகை பேரன் காலம் வரை வந்தது. இந்த வாடகையில் ஓடு மாற்றக் கட்டுப்படியாகாது என்று சொத்துக்காரர் கூரையை ஒழுக விட்டார். வாடகைக்காரரோ, தாம் வேறிடம் வீடு வாங்கிப் போனபின்னும் சாவியைக் கொடுக்கவில்லை. பழைய வாடகையைச் சொத்துக்காரருக்குக் கட்டிவிட்டு, அறை அறையாகத் தடுத்து, அதைப்போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டு உள்வாடகைக்கு விட்டார். கைமாற்றிக் கொடுக்கத் தேத்தண்ணிக் காசு என்று ஒரு தொகை வேறு! ஏழைக்காக வந்த சட்டத்தின் நிழலில், நடுவில் நின்றவர் கொழுத்தார். உடையவரின் மனப்பொருத்தம் இல்லாமல், சட்டத்தின் சந்தில் புகுந்து அடுத்தவர் பொருளைச் சாப்பிடுவதும் நிஸா அத்தியாயத்தில் தடுக்கப்பட்ட சாப்பாடுதான் என்பதை அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்?

1997 இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பழகிக்கொள்ள இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமான அவகாசம் கொடுத்து, 1999 டிசம்பர் 31 ஆம் தேதியோடு கட்டுப்பாடு முழுவதும் முடிந்தது. கட்டுப்பாட்டு வீடுகள் மிக அதிகமாக இருந்த பினாங்கு ஜார்ஜ்டவுனில், மறுநாள் விடிந்தபோது எத்தனையோ குடும்பங்களுக்குத் தாங்க முடியாத வாடகை காத்திருந்தது. வயதானவர்கள் பிறந்த தெருவை விட்டுப் போனார்கள். சட்டப்படி சொத்துக்காரர் செய்தது சரி. ஐம்பது வருஷம் அவர்களும் நஷ்டப்பட்டவர்கள்தாம். ஆனாலும் முன்னாள் உள்ள நஷ்டத்தையெல்லாம் ஒரே காலையில் ஒரே குடும்பத்தின் தலையில் இறக்குவதற்குப் பெயர் என்ன? தானும் தீங்கடையாதே, பிறருக்கும் தீங்கு செய்யாதே என்ற கருத்துள்ள நபிமொழியை மத்ரஸாப் பிள்ளைகள்கூட அறிவார்கள்.

ஆகவே எவ்வளவு ஏற்றுவது? கிதாபுகளில் உஜ்ரத்துல் மித்ல் என்று ஒரு சொல் உண்டு. அதைப் போன்ற இடத்துக்கு, அதே ஊரில், அதே காலத்தில், நிர்ப்பந்தமில்லாத இருவர் ஒத்துக்கொள்ளும் வாடகை என்று பொருள். அதே ஊர், அதே காலம் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். ஈப்போ லோரோங் பங்லிமாவில் சுற்றுலாக்காரர் நெரியும் சந்தில் என்ன வாடகை கிடைக்கிறது என்பது கோப்பெங் கடைக்கு அளவுகோல் ஆகாது. தரகர் சொல்லும் விலையும் ஆகாது. தம் வரிசையில் நாலு கடையை நேரில் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒழுகிய கடையை எடுத்து, தம் செலவில் தளம் போட்டு, விளக்குப் போட்டு, நல்ல கைப்பக்குவத்தால் அந்த மூலைக்கு ஜனங்களைப் பழக்கியவர் வாடகைக்காரர். அந்த மூலைக்கு மதிப்பு ஏறிவிட்டது என்று அவரிடமே அதிகம் கேட்டால், அவருடைய வேர்வைக்கு அவரிடமே விலை கேட்பதாகும். கட்டிடத்துக்கு உரியதைக் கேளுங்கள். கைப்பக்குவத்துக்கு உரியது அவருடையது.

இதுவரை சொன்னது சொந்தச் சொத்து. சொந்தச் சொத்தில் விட்டுக்கொடுத்தால் ஸதகாவின் நன்மை உண்டு. ஏற்றாமலே இருந்தாலும் யாரும் கேட்க முடியாது. பள்ளிவாசல் கடை, வக்பு வீடு, சங்கத்தின் கட்டிடம் என்று வந்தால் விஷயம் தலைகீழாக மாறுகிறது. இங்கேதான் நம் ஜமாஅத்துகளில் பலர் தடுமாறுகிறார்கள்.

வக்பு நமக்கு உடைமையன்று. வக்பு செய்தவர் மவ்த்தாகிவிட்டார். அதன் பயனுக்கு உரியவர்கள் யத்தீம்கள், பள்ளிவாசலின் முஅத்தின், மத்ரஸாப் பிள்ளைகள். முதவல்லிக்கு அதைக் காக்கும் பொறுப்பு மட்டும் உண்டு. வக்புச் சொத்தை ஒத்த வாடகைக்குக் குறைத்துக் கொடுக்க முதவல்லிக்கு அதிகாரமில்லை என்பதில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் ஒத்திருக்கிறார்கள். காலம் நீண்டால் உடைமை போலப் பாவித்துவிடுவார்கள் என்று பயந்து, வக்பு வீட்டை ஒரு வருஷத்துக்கும், வக்பு நிலத்தை மூன்று வருஷத்துக்கும் மேல் ஒரே தவணையில் விட வேண்டாம் என்று ஹனஃபி முஃப்திகள் வரம்பு சொன்னார்கள். அதே சமயம், முறையாகப் பேசிய தவணை நடந்து கொண்டிருக்கும்போது ஊரில் வாடகை ஏறினாலும், அதிகம் தருகிறேன் என்று வேறொருவர் வந்தாலும், ஒப்பந்தம் முறியாது என்பதே சரியான சொல் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தங்கள் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். வக்பின் பெயரைச் சொல்லிக்கூட வாக்கை முறிக்க ஷாஃபிஈ மத்ஹபில் இடமில்லை!

இந்நாட்டில் நம்மவர்களின் பெரிய வக்பு பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுடையது. 1801 இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் காதிர் முகைதீன் என்ற நம் தமிழ் முஸ்லிம் தலைவருக்குப் பள்ளிவாசலுக்காக நிலம் கொடுத்தார்கள். சுற்றிலும் வீடுகளும் கடைகளும் எழுந்தன. நிர்வாகத்தில் குறைபாடுகள் மலிந்து, கடைசியில் 1905 இல் காலனி அரசாங்கம் முஸ்லிம்களுடையவும் ஹிந்துக்களுடையவும் தர்ம சொத்துக்களுக்கென்று தனிச் சட்டம் போட்டு, ஒரு வாரியத்தின் கையில் அவற்றைக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் முன்னோர் கொடுத்ததை நாம் காக்கத் தவறியதால் அந்நிய அரசாங்கம் வந்து காத்தது என்பது நமக்குப் பெருமையா? இன்று பேராக் மாநிலத்தில் வக்புச் சொத்துக்களுக்கெல்லாம் மாநில இஸ்லாமிய சமய மன்றமே சட்டப்படியான முதவல்லி. ஊர்க் கமிட்டியார் அந்த மன்றத்தின் சார்பில் பொறுப்பு வகிப்பவர்கள்தாம். ஆனால் வாடகைப் பேச்சு நடப்பது ஊரில்தான்.

அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது? கமிட்டியில் பதினொரு பேர். பள்ளிவாசல் கடையில் பழைய வாடகைக்கு இருப்பவர் அவர்களில் ஒருவருக்கு மச்சான், இன்னொருவருக்குச் சம்பந்தி. சில ஊர்களில் அவரே கமிட்டியிலும் இருப்பார். வருஷக் கூட்டத்தில் வாடகை என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் தேத்தண்ணிக் கிளாசைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். ‘காலகாலமாக இருப்பவர், நாம் எப்படிக் கேட்பது?’ என்று ஒருவர் முணுமுணுப்பார். விஷயம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். அந்த வருஷமே மத்ரஸாவுக்கு உஸ்தாது சம்பளம் போதவில்லை என்று ஜும்ஆவில் துண்டு விரிப்பார்கள். ஏழைத் தொழிலாளி ஐந்து வெள்ளி போடுவார். சகோதரர்களே, அந்த ஐந்து வெள்ளி யாருடைய கடை வாடகையை ஈடுகட்டப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தால் போடுவாரா?

வெட்கத்துக்குப் பயந்து வக்பின் வாடகையைக் குறைப்பது தாட்சண்யம் ஆகாது. அடுத்தவர் பணத்தில் காட்டும் தாராளம் அது. கமிட்டியில் இருப்பவர் பள்ளிவாசல் கடையில் வாடகைக்கு இருந்தால், அந்தக் கடையைப் பற்றிய பேச்சு வரும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும். வாடகையை வெளியாட்கள் இரண்டு பேர் மதிப்பிட வேண்டும். மதிப்பிட்ட தொகையைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி ஒட்டுங்கள். எத்தனை வாய்கள் அடைபடும், பாருங்கள்.

வக்பு வீட்டில் ஒரு விதவைத் தாயார் இருக்கிறார், அவரையும் ஏற்றி விரட்டுவதா என்று கேட்பீர்கள். விரட்டச் சொல்லவில்லை. வாடகையை முழுவதும் வக்புக் கணக்கில் எழுதுங்கள். அவரால் முடியாத பகுதியை ஸதகாவிலிருந்தோ, ஜகாத்துக்கு உரியவரானால் மன்றத்தில் விண்ணப்பித்து ஜகாத்திலிருந்தோ, அல்லது செல்வர் ஒருவர் தம் பையிலிருந்தோ கட்டட்டும். அதை உதவி என்று வேறு பக்கத்தில் எழுதுங்கள். இப்படி எழுதினால் மூன்று நன்மை விளையும்: வக்பு குறையவில்லை, தாயார் தெருவுக்கு வரவில்லை, நாளைக்கு அதே வீட்டுக்கு வசதியுள்ளவர் வந்து பழைய வாடகையைக் காட்டி வாதாடவும் வழியில்லை.

இனி, எந்த வேளையில் ஏற்றக் கூடாது என்பதைச் சொல்லுகிறேன். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுங்கள், தள்ளிக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று பகரா அத்தியாயம் 280 ஆம் வசனம் கற்பிக்கிறது. 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடைகள் அடைந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். சிறு வியாபாரிகளுக்கு 30 சதவிகிதமாவது வாடகை குறைத்த சொத்துக்காரர்களுக்கு அரசாங்கம் வரிச் சலுகை கொடுத்தது. சலுகை இல்லாமலே முழு வாடகையையும் விட்டவர்கள் நம்மில் இருந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத்துச் செய்வானாக. அன்று விட்டதாகச் சொல்லி, கடை திறந்ததும் அதையெல்லாம் கூட்டிப் புது வாடகையில் சேர்த்தவர்களும் இருந்தார்கள். மன்னித்ததைத் திருப்பி வாங்குவது எப்படிப்பட்டது என்பதற்கு ஹதீஸில் வரும் உவமை கேட்கச் சகிக்காது. வாந்தியை விழுங்கும் பிராணியின் உவமை அது.

ஏற்றிய வாடகைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தண்ணீரை அடைப்பது, மின்சாரத்தை வெட்டுவது, இரவோடு இரவாகப் பூட்டை மாற்றுவது, இவையெல்லாம் இந்நாட்டுச் சட்டத்திலும் தடை. 1950 ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின் 7 ஆம் பிரிவின்படி, தவணை முடிந்தபின்னும் நீதிமன்ற உத்தரவில்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது. பாக்கிக்காகப் பொருளை ஜப்தி செய்யவும் நீதிமன்றம் போய்த்தான் ஆக வேண்டும். நம் சாப்பாட்டுக் கடைகளின் மாடியில், ஊரிலிருந்து வந்த பையன்களை நெருக்கித் தங்கவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, தலை கூடினாலும் வாடகை குறையாமல் பார்த்துக் கொள்ளுகிறவர்களையும் இந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்க வேண்டும். அந்தப் பையன்களுக்குக் கேட்க நாதியில்லை என்பதுதானே அந்தத் தைரியம்?

வாடகைக்காரருக்கும் ஒரு சொல். வசதியுள்ளவர் கொடுக்க வேண்டியதை இழுத்தடிப்பது அநீதி என்பது புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து. புதுக் கார் வாசலில் நிற்க, வாடகைக்கு மட்டும் ‘பெருநாள் கழியட்டும் பாய்’ என்பது எந்த வகை? தவணை முடிந்து, நியாயமான வாடகையும் பேசி, ஒத்துக்கொள்ளாமல் இடத்தையும் விடாமல் இருப்பது பறித்துக்கொண்ட இடத்தில் இருப்பது போலாகும். பறித்த இடத்தில் தொழுதால் கடமை நீங்கும், ஆனால் பாவமும் கூட வரும் என்று நம் இமாம்கள் சொல்ல, ஹன்பலி மத்ஹபில் அந்தத் தொழுகையே கூடாது என்ற சொல் உண்டு. வாடகைத் தகராறு முஸல்லா வரை வந்து நிற்பதைப் பார்த்தீர்களா?

எப்படிப் பேசுவது என்பதற்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வாடகை 400 வெள்ளி. ஒத்த கடைகள் 700 வெள்ளிக்குப் போகின்றன. சொத்துக்காரர் இளையவர், கடைக்காரர் பெரியவர். ஆள் அனுப்பாமல், போனில் ஒரு வரி தட்டிவிடாமல், இளையவர் நேரில் போகட்டும். நோன்பு மாதமும் வேண்டாம், அந்த வீட்டில் மையித்து நடந்த நாளும் வேண்டாம்.

‘மாமு, வாடகை விஷயமாகப் பேச வந்தேன். இந்த வரிசையில் விசாரித்தேன். நீங்களும் விசாரித்துப் பாருங்கள்.’

‘எனக்கும் தெரியும் தம்பி. உங்கள் வாப்பா இருந்தபோது பேசியது. ஒரேயடியாக எழுநூறு என்றால் என்னால் ஏலாது.’

‘ஒரேயடியாக வேண்டாம் மாமு. மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொள்ளுவோம். முதல் வருஷம் ஐநூறு, அடுத்தது அறுநூறு, அதற்கடுத்தது எழுநூறு. அந்த மூன்று வருஷத்தில் நானும் ஏற்ற மாட்டேன், வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். பின்பக்கக் கூரையை நான் மாற்றித் தருகிறேன்.’

‘எப்போதிலிருந்து?’

‘நீங்கள் சொல்லுங்கள். மூன்று மாதம் போதுமா?’

இப்படிப் பேசினால் பெரியவருக்கு விலைச்சீட்டில் எத்தனை காசு ஏற்றுவது, எந்த ஆளைக் குறைப்பது, அல்லது பக்கத்துச் சந்தில் சிறிய கடையாகப் பார்ப்பதா என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. கடைக்காரருக்குக் கொடுக்கும் அவகாசம் பணத்துக்குச் சமம். பேசியதை எழுதுங்கள், சாட்சி வையுங்கள், முத்திரைத் தீர்வை கட்டுங்கள். கடனை எழுதச் சொல்லும் குர்ஆனின் மிக நீண்ட வசனம், எழுதுவதில் சலிப்படையாதீர்கள் என்றே சொல்லுகிறது. ஊரில் வீடு வைத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 1960 ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் போய், 2019 பிப்ரவரியிலிருந்து புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அங்கேயும் இப்பொழுது எழுத்தில்தான் இருக்க வேண்டும். வாடகைக்காரர் கொடுத்த முன்பணத்தையும் அந்தக் கடுதாசியிலேயே எழுதுங்கள். அது வெளியேறும் நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். சுவரில் ஆணி அடித்த துளைக்கெல்லாம் கழித்து அதை இல்லாமல் ஆக்குவது அமானிதத்தில் கைவைப்பதாகும்.

கடைசியாக, தகப்பனார் மவ்த்தானபின் வரும் தகராறு. வாப்பா மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுத்து ஒரு வருஷத்தில் மவ்த்தாகிவிட்டார். கோலாலம்பூரிலிருந்து வந்த மகன், ‘அது வாப்பா பேசியது, நான் பேசவில்லை’ என்கிறார். ஒப்பந்தம் செய்தவர் மவ்த்தானால் அது முடிந்துவிடும் என்பது ஹனஃபிகளின் சொல். முடியாது, வாரிசுகள் தவணை வரை கட்டுப்பட வேண்டும் என்பது ஷாஃபிஈகளின் சொல். மார்க்கத்தில் தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் மத்ஹபு மாறுகிற மகனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் கேட்க ஒன்று உண்டு. வாப்பா மவ்த்தான நாளிலிருந்து அந்தக் கடையின் வாடகை, பழையதானாலும் ஏற்றியதானாலும், அவருக்கு மட்டும் உரியதன்று. உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, சகோதரிகளுக்கு அவர்களுடைய பங்கு. அதை மாதா மாதம் கொடுத்து வருகிறாரா? இல்லையென்றால், வாடகைக்காரரிடம் போவதற்கு முன் அவர் போக வேண்டியது ஈப்போவில் இருக்கும் தம் தங்கை வீட்டுக்கு, கணக்குப் புத்தகத்தோடு.